திரும்பப் படிக்கும் புத்தகத்தில் பென்சிலால் ஒரு தேதி

கன்னியாகுமரியில் படகேறிப் போகும்போது வள்ளுவர் சிலையின் பீடத்தைக் கவனியுங்கள். 38 அடி உயரம், அறத்துப்பாலின் 38 அதிகாரங்களுக்காக. நம்மை நாமே அறிந்துகொள்ள மறுபடி மறுபடி படிக்க, எனக்கு அந்தப் பகுதியே போதும்.

ஒரு நாளைக்கு ஓர் அதிகாரம், பத்தே குறள். உரையை அப்புறம் பார்க்கலாம். மனதை உறுத்துகிற குறளின் ஓரத்தில் தேதியும், யார் நினைவு வந்தது என்று ஒரே ஒரு சொல்லும் எழுதுங்கள். பென்சில்தான் நல்லது, நம் ஊர் மழைக்கால ஈரத்தில் பேனா மை ஊறிவிடும்.

என் புத்தகத்தில் ‘யாகாவா ராயினும் நாகாக்க’ பக்கத்தில் மூன்று தேதிகள் இருக்கின்றன. முதல் இரண்டுக்கும் எதிரே ‘அண்ணன்’. மூன்றாவதற்கு எதிரே ‘நான்’. அவர் என்னைப் பேசியது மட்டுமே நினைவில் நின்றிருந்தது; நான் திருப்பிச் சொன்னது அன்றைக்குத்தான் உறைத்தது. சாயங்காலமே தக்கலைக்கு பஸ் ஏறி அவர் வீட்டுக்குப் போனேன்.

முடித்த கையோடு மறுபடி தொடங்க வேண்டாம். தை பிறந்ததும் ஒரு சுற்று, ஜூன் மழையோடு இன்னொரு சுற்று, சரியாக இருக்கும்.