உடையாத வீகன் வெஜ் பர்கர்: மும்பை பாவும் நம் தோசைக்கல்லும்

மும்பைக்கு வேலைக்கு வந்து மாட்டுங்காவிலோ செம்பூரிலோ நாலு பேரோடு வீட்டைப் பகிர்ந்துகொண்டு, அடுப்பங்கரைக்குள் இப்போதுதான் காலெடுத்து வைத்திருக்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். ஒரு குக்கர், ஒரு மிக்ஸி, ஒரு தோசைக்கல், மெல்லிய பருத்தித் துணி ஒன்று. இவை போதும். ஓவன் வேண்டாம்.

பால், தயிர், நெய், வெண்ணெய், சீஸ், முட்டை, தேன் எதுவும் சேராத வீகன் பர்கர் இது. "அப்புறம் அதுல என்னதான் இருக்கும்?" என்று கேட்பவர்கள் பெரும்பாலும் கையில் வடா பாவை வைத்துக்கொண்டேதான் கேட்கிறார்கள்! உருளைக்கிழங்கு, கடலை மாவு, எண்ணெய், பாவ் என்கிற இந்த ஊர் பன், பூண்டுச் சட்னி. வெண்ணெய் தடவாத வடா பாவில் பெரும்பாலும் பாலும் கிடையாது, முட்டையும் கிடையாது. 1966இல் தாதர் ஸ்டேஷனுக்கு வெளியே அசோக் வைத்யா போட்ட கடையில்தான் அது தொடங்கியது என்று இந்த ஊரில் சொல்வார்கள். அந்தக் கடைகளின் பாவையும் பூண்டுச் சட்னியையும் நாம் அப்படியே எடுத்துக்கொள்ளப் போகிறோம். நடுவில் வைக்கிற கட்லெட் மட்டும் வேறு.

வீட்டில் வெஜ் பர்கர் செய்கிறவர்கள் எல்லாருக்கும் ஒரே புகார்தான். கல்லில் போட்டதும் விரிசல் விடுகிறது, திருப்பினால் பொரியலாகிவிடுகிறது. முட்டை சேர்க்காததால்தான் இப்படி என்று நினைத்துக்கொள்வார்கள். முட்டைக்கும் இதற்கும் சம்பந்தம் குறைவு, தண்ணீர்தான் வில்லன். காய்க்குள்ளும் கிழங்குக்குள்ளும் ராஜ்மாவுக்குள்ளும் இருக்கிற ஈரம் கல் சூட்டில் ஆவியாகி, வெளியேறும் வழியில் கட்லெட்டைப் பிளந்துவிடும். அதனால் கீழே நான் சொல்வதில் பாதி வேலை ஈரத்தை இறக்குகிற வேலை. அதில் மட்டும் சோம்பல் படாதீர்கள்.

வாங்க வேண்டியவை (8 கட்லெட்டுக்கு)

ராஜ்மா ½ கப். நடுத்தர உருளைக்கிழங்கு 2, சுமார் 250 கிராம். கேரட் 1, சின்ன பீட்ரூட்டில் பாதி, பீன்ஸ் 8, பெரிய வெங்காயம் 1. கெட்டி அவல் ½ கப், கடலை மாவு 3 டேபிள்ஸ்பூன். இஞ்சி பூண்டு விழுது 1 டீஸ்பூன், மிளகாய்த்தூள் 1 டீஸ்பூன், கரம் மசாலா ½ டீஸ்பூன், மாங்காய்த்தூள் ½ டீஸ்பூன் (இங்கே ஆம்சூர் என்று கேளுங்கள்), கொத்தமல்லி ஒரு பிடி, உப்பு, எண்ணெய்.

பாவ் வாங்கும்போது மட்டும் ஒரு கேள்வி கேட்க வேண்டும். பேக்கரியில் கிடைக்கும் பளபளப்பான பர்கர் பன்னில் பால் பவுடர் இருக்கலாம். மேலே தெரிகிற அந்தப் பளபளப்பு பாலாலோ முட்டையாலோ வந்திருக்கலாம். காலையில் சைக்கிளில் வரும் பாவ்வாலாவிடம் வாங்கும் லாதி பாவ் பெரும்பாலும் மைதா, ஈஸ்ட், உப்பு, சர்க்கரை, தண்ணீர், கொஞ்சம் எண்ணெய் என்று எளிமையாகவே இருக்கும். ஆனாலும் மேலே வெண்ணெய் தடவும் பேக்கரிகள் உண்டு. "பாவ் மே தூத் யா பட்டர் ஹை க்யா?" (பாவில் பாலோ வெண்ணெயோ இருக்கிறதா?) என்று கேட்டுவிடுங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

பாக்கெட் பொருட்களில் பச்சைப் புள்ளியைப் பார்த்ததும் கூடையில் போட்டுவிடாதீர்கள். அது சைவத்துக்கான அடையாளம், பாலும் அதில் அடக்கம். முட்டையில்லா மயோனைஸ் என்று விற்பதில் பல பாட்டில்களில் பால் சாலிட்ஸ் இருக்கும். உணவுப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அமைப்பான எஃப்எஸ்எஸ்ஏஐ 2022இல் வீகன் உணவுக்கென்று தனி விதிமுறை கொண்டுவந்தது. பச்சைக் கட்டத்துக்குள் ஆங்கில 'வி' எழுத்தும் மேலே ஒரு குட்டி இலையும் இருப்பதுதான் அதற்கான முத்திரை. கடலை மாவுக்கும் அவலுக்கும் அந்த முத்திரையைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். சாஸ், மயோனைஸ், பிரெட் வகைகளுக்குப் பின்பக்கப் பட்டியலைப் படித்தால் போதும்.

முதல் நாள் இரவு

ராஜ்மாவை நிறையத் தண்ணீரில் ஊறப் போடுங்கள். 8 மணி நேரம். காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவையுங்கள். ராஜ்மாவில் லெக்டின் வகைப் புரதம் ஒன்று இருக்கிறது. அரைவேக்காடாகச் சாப்பிட்டால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். நன்றாகக் கொதித்தால்தான் அது அழியும், மிதமான சூட்டில் நெடுநேரம் வைத்திருப்பதால் பயனில்லை. குக்கரில் 5 விசில் விட்டு, பிறகு சிறு தீயில் 10 நிமிடம் வைத்தால் கவலையே இல்லை.

விரலால் நசுக்கினால் மாவாக மசிய வேண்டும். ஆனால் தோல் கழன்று குழம்பாகிவிடக் கூடாது. வெந்ததும் வடிகட்டி, ஒரு துணியில் பரப்பி 15 நிமிடம் ஃபேன் காற்றில் விடுங்கள். வடித்த தண்ணீரைச் சாம்பாரிலோ சூப்பிலோ சேர்த்துக்கொள்ளலாம்.

கிழங்கு

உருளையை வெட்டி வேகவைக்காதீர்கள். வெட்டிய பக்கமெல்லாம் தண்ணீர் குடித்துவிடும். குக்கரின் அடியில் தண்ணீர் ஊற்றி, உள்ளே வைக்கும் பாத்திரத்தில் மட்டும் தண்ணீர் விடாமல், கிழங்கை முழுசாக, தோலோடு ஆவியிலேயே வேகவிடுங்கள். 3 விசில் போதும், பெரிய கிழங்கு என்றால் இன்னொன்று. தோலை உரித்து, திறந்த தட்டில் முழுக்க ஆறவிட்ட பிறகே மசிக்க வேண்டும். கையால் அல்லது மத்தால்தான். மிக்ஸியில் போட்டால் கிழங்கின் மாவுச்சத்து உடைந்து பசையாகிவிடும், அப்புறம் அதை மீட்க முடியாது.

காய்

இந்த இடத்தில்தான் பலரும் அவசரப்படுவார்கள். கேரட்டையும் பீட்ரூட்டையும் துருவி, ½ டீஸ்பூன் உப்புப் போட்டுப் பிசிறி 15 நிமிடம் ஒதுக்கி வையுங்கள். உப்பு காய்க்குள் இருக்கும் நீரை வெளியே இழுக்கும். பிறகு துணியில் கொட்டி, நாலு முனையையும் சேர்த்து முறுக்கிப் பிழியுங்கள். முதல் பிழிச்சலில் சிவப்புச் சாறு தாரையாக இறங்கும். கொஞ்சம் பொறுத்து இன்னொரு முறை முறுக்குங்கள், துளித் துளியாக மட்டும் விழும். அப்போது துணியைத் திறந்தால் துருவல் உதிரியாக, தொட்டால் கையில் ஈரம் ஒட்டாமல் இருக்கும். அதுதான் பதம். அந்தச் சாற்றில் உப்பு இருக்கிறது. பருப்பில் ஊற்றிவிட்டு உப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

வெங்காயத்தையும் பீன்ஸையும் பொடியாக நறுக்கி 1 டீஸ்பூன் எண்ணெயில் வதக்குங்கள். வெங்காயத்தின் தண்ணீர் வற்றி ஓரம் லேசாகச் சிவக்கும்வரை. இஞ்சி பூண்டு விழுதைச் சேர்த்துப் பச்சை வாசனை போனதும் இறக்கி ஆறவிடுங்கள். குடைமிளகாய், பட்டாணி இருந்தால் போடலாம். சுரைக்காய், பூசணி, தக்காளி பக்கமே போகாதீர்கள்.

பிணைப்பு

கடலை மாவை வெறும் வாணலியில் சிறு தீயில் வாசம் வரும்வரை வறுங்கள். நிறம் மாற வேண்டாம். அவலைக் கழுவாமல் அப்படியே மிக்ஸியில் ரவைப் பதத்துக்குத் திரியுங்கள். உப்புமாவுக்குக் கழுவிய பழக்கத்தில் கை தானாகக் குழாயடிக்குப் போகும், பிடித்து நிறுத்துங்கள். உலர்ந்த அவல்தான் கலவையில் மிச்சமிருக்கும் ஈரத்தைக் குடிக்கும். ஜூன் முதல் செப்டம்பர்வரை இந்த ஊர்க் காற்றிலேயே தண்ணீர் இருக்கும். டப்பாவில் இருந்த அவல்கூட நமுத்துப் போயிருக்கும். மழைக்காலத்தில் 2 நிமிடம் வறுத்துவிட்டுத் திரியுங்கள்.

வீகன் சமையல் குறிப்புகளில் ஆளி விதையைக் கட்டாயம் என்பார்கள். 1 டேபிள்ஸ்பூன் பொடிக்கு 3 டேபிள்ஸ்பூன் தண்ணீர் விட்டு 10 நிமிடம் வைத்தால் கொழகொழவென்று முட்டைக்கு ஈடாக வரும். கேக்குக்கு அருமை. ஆனால் துணியில் முறுக்கி வெளியேற்றிய தண்ணீரை மறுபடி ஸ்பூனால் உள்ளே விடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. கிழங்கும் கடலை மாவும் அவலும் பிடிக்க வேண்டியதைப் பிடித்துக்கொள்ளும்.

ராஜ்மாவில் பாதியை நன்றாக மசித்து, மீதியை ஒன்றிரண்டாக நசுக்குங்கள். மசித்தது பிணைக்கும், நசுக்கியது கடிபட இருக்கும். எல்லாவற்றையும் மசாலாக்களோடு அகலமான பாத்திரத்தில் போட்டுப் பிசையுங்கள். சப்பாத்தி மாவு மாதிரி அழுத்த வேண்டாம், ஒன்று சேர்ந்தால் போதும். துருவலில் உப்பு ஏற்கெனவே இருப்பதால் ருசி பார்த்துவிட்டு மேலுப்புப் போடுங்கள். மூடி 15 நிமிடம் வையுங்கள்.

இப்போது எட்டணா அளவு ஒரு துண்டைத் தட்டிக் கல்லில் போட்டுப் பாருங்கள். உடைந்தால் ஒரு ஸ்பூன் வறுத்த கடலை மாவு கூட்டுங்கள். ஓரம் வெடித்து மொரமொரவென்று உதிர்ந்தால் ஈரம் போதவில்லை, கையை நனைத்துக்கொண்டு மறுபடி பிசையுங்கள். உப்பும் காரமும் அப்போதே தெரிந்துவிடும்.

தட்டுவதும் சுடுவதும்

பாவ் சதுரமாக இருக்கும், கட்லெட்டை வட்டமாகத்தான் தட்ட வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. பாவின் அளவுக்கு, அதைவிடக் கால் அங்குலம் பெரிதாக, ½ அங்குலக் கனத்தில் தட்டுங்கள். ஓரத்தை விரலால் சுற்றி அழுத்தி விரிசலை மூடுங்கள். வெடிப்பு எப்போதும் ஓரத்தில்தான் தொடங்கும். தட்டில் அடுக்கி ஃபிரிட்ஜில் அரை மணி நேரமாவது வையுங்கள். வெந்த கிழங்கின் மாவுச்சத்து ஆற ஆற இறுகும். இந்தப் படியைத் தாண்டிக் குதிக்காதீர்கள்.

இரும்புத் தோசைக்கல் இருந்தால் நல்லது. நடுத்தரத் தீயில் கல் காய்ந்ததும் 1 டேபிள்ஸ்பூன் எண்ணெய் விட்டு, மூன்று நான்கு கட்லெட்டை இடைவெளி விட்டு வையுங்கள். பிறகு 4 நிமிடம் தொடாதீர்கள். தோசைத்திருப்பியை ஓரத்தில் நுழைத்து எட்டிப் பார்க்கும் ஆசை வரும், வேண்டாம். அடியில் மொறுமொறுப்பான பொருக்குக் கட்டியதும் அதுவே கல்லை விட்டுவிடும். பக்கவாட்டில் பொன்னிறம் கால்வாசி ஏறியிருப்பது தெரிந்தால் திருப்பலாம். மறுபக்கமும் 4 நிமிடம். அழுத்தக் கூடாது.

தடவ இரண்டு

முந்திரி மயோனைஸ்: ½ கப் முந்திரியை வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து வடித்து, ¼ கப் தண்ணீர், 1 டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாறு, ½ டீஸ்பூன் கடுகுப் பொடி, ஒரு பல் பூண்டு, உப்பு, 1 டேபிள்ஸ்பூன் எண்ணெய் சேர்த்து மையாக அரையுங்கள். ஃபிரிட்ஜில் 3 நாள் தாங்கும். முந்திரி விலை கட்டுப்படி ஆகாவிட்டால் பாதிக்கு மகஜ் போடலாம். தர்பூசணி விதைப் பருப்பை இங்கே மளிகைக் கடைகளில் அந்தப் பெயரில் விற்பார்கள்.

வடா பாவ் கடைப் பூண்டுச் சட்னி: ½ கப் கொப்பரைத் துருவல், 10 பல் பூண்டு, 1 டேபிள்ஸ்பூன் வேர்க்கடலை, 1 டேபிள்ஸ்பூன் எள். தனித்தனியாகச் சிறு தீயில் வறுத்து, ஆறியதும் 2 டீஸ்பூன் காஷ்மீரி மிளகாய்த்தூளும் உப்பும் சேர்த்து மிக்ஸியை விட்டு விட்டு ஓட்டுங்கள். தொடர்ந்து ஓட்டினால் எண்ணெய் கக்கிக் களியாகிவிடும். என்னைக் கேட்டால் மயோனைஸ் இல்லாமல்கூட இந்த பர்கரைச் சாப்பிடலாம், இந்தச் சட்னி இல்லாமல் முடியாது.

பாவைக் குறுக்கே வெட்டி, வெட்டிய பக்கத்தைச் சில சொட்டு எண்ணெயில் கல்லில் கவிழ்த்துச் சிவக்க விடுங்கள். அந்தப் பொருக்கு, சாஸ் இறங்கிப் பாவ் ஊறாமல் காக்கும். இரண்டு பக்கமும் மயோனைஸ், கீழே மெல்லிசாகச் சீவிய முட்டைக்கோஸ், கட்லெட், வெங்காய வளையம், விதைச்சாறு எடுத்த தக்காளி, மேலே ஒரு ஸ்பூன் பூண்டுச் சட்னி, மூடி.

ஜெயின் வீட்டுக்குக் கொடுக்க

மும்பையில் பக்கத்து வீட்டுக்குத் தட்டு அனுப்புவதென்றால் இந்தக் கணக்கும் வேண்டும். ஜெயின் வீடுகளில் மண்ணுக்கடியில் விளைவதைத் தொடாதவர்கள் நிறையப் பேர். உருளை, கேரட், பீட்ரூட், வெங்காயம், பூண்டு, இஞ்சி எல்லாம் போச்சு. எங்கள் மாடியில் இருக்கும் பென் (குஜராத்தியில் அக்கா) ஒரே வார்த்தையில் தீர்த்துவைத்தார்: "கச்சா கேளா." நம் வாழைக்காய்தான். இரண்டு வாழைக்காயைத் தோலோடு ஆவியில் வேகவைத்து, உரித்து, ஆறவைத்து மசித்தால் உருளையைவிடக் கெட்டியாகவே பிடிக்கிறது. காய்க்குப் பீன்ஸ், குடைமிளகாய், முட்டைக்கோஸ். கோஸையும் உப்புப் போட்டுப் பிழிய வேண்டும். சட்னிக்குக் கொத்தமல்லி, பச்சை மிளகாய், எலுமிச்சை போதும். மயோனைஸில் அந்த ஒரு பல் பூண்டை விட்டுவிட மறக்காதீர்கள். ராஜ்மா சேர்க்கலாமா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது மரியாதை.

மிச்சம் வைக்க

சுடாத கட்லெட்டைத் தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி ஃப்ரீசரில் கல்லாக இறுகவிட்டு, நடுவே பட்டர் பேப்பர் வைத்து டப்பாவில் அடுக்கினால் ஒரு மாதம் இருக்கும். சுடும்போது உருகவிடாமல் நேராகக் கல்லில் வைத்து, சிறு தீயில் பக்கத்துக்கு 6, 7 நிமிடம் கொடுங்கள். ஆபீஸ் டப்பாவுக்கு என்றால் கட்லெட் சூடு ஆறியபின் மூடுங்கள், பாவைத் தனியாக வையுங்கள், தக்காளியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.