பொய் அகராதி ஆட்டம்: புதிதாக ஆடுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குழித்துறை, மார்த்தாண்டம் பக்கம் கல்யாண வீடுகளிலும் ஓணம் விடுமுறையிலும் நாங்கள் விடாமல் ஆடும் ஆட்டம் இது. ஒருவர் அகராதியிலிருந்து யாருக்கும் தெரியாத ஒரு சொல்லை எடுத்துச் சொல்வார். மற்றவர்கள் அதற்கு நம்பும்படியான ஒரு பொய்ப்பொருளைத் துண்டுத்தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். சொல்லை எடுத்தவர் உண்மைப் பொருளையும் அவற்றோடு கலந்து வாசிப்பார், எது உண்மை என்று எல்லோரும் ஓட்டுப் போடுவார்கள். சரியாகக் கண்டுபிடித்தால் புள்ளி. உங்கள் பொய்க்கு விழும் ஒவ்வோர் ஓட்டுக்கும் புள்ளி. ஒருவரும் கண்டுபிடிக்காவிட்டால் சொல்லை எடுத்தவருக்குப் புள்ளி. மேலைநாடுகளில் வீட்டு விளையாட்டாக இருந்த இதைத்தான் 1984-இல் கனடாவில் ‘பால்டர்டாஷ்’ என்று பெட்டியில் போட்டு விற்கத் தொடங்கினார்கள். நமக்குப் பெட்டி வேண்டாம், அகராதி போதும்.

இப்போது கல்லூரிப் பிள்ளைகள் பலர் இதில் இறங்கியிருக்கிறார்கள், சந்தோஷம். ஆனால் தொடக்கத்தில் நாங்கள் சறுக்கிய இடங்களிலேயே அவர்களும் சறுக்குவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. எழுத்துப்பிழை, நேரம் கடத்துவது, புள்ளிக் கணக்கில் குழப்பம் இதெல்லாம் ஆட ஆடத் தானாகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

சொல்லைச் சோதிக்காமல் இறக்குவது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருவது இதில்தான். சென்னையில் ஒருவருக்கும் தெரியாத சொல் இங்கேயும் யாருக்கும் தெரியாது என்று நினைத்துவிடுகிறார்கள். களியக்காவிளையைத் தாண்டினால் கேரளம். விளவங்கோடும் கல்குளமும் 1956 நவம்பர் 1 அன்றுதான் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழ்நாட்டுப் பக்கம் வந்தன. பள்ளிக்கூடத்தில் மலையாளம் படித்த பெரியவர்கள் இன்னும் வீடுகளில் இருக்கிறார்கள். பெண் கொடுத்ததும் எடுத்ததும் பாறசாலை, நெய்யாற்றின்கரை வரைக்கும் நீளும். சங்கப்பாட்டோடு போய்விட்டது என்று நீங்கள் நினைக்கும் சொல் அந்தப் பக்கம் சந்தையில் புழங்கிக்கொண்டிருக்கும்.

போன ஓணத்துக்குச் சென்னையிலிருந்து வந்த என் மருமகன் ‘வெருகு’ என்ற சொல்லை எடுத்தான். சங்க இலக்கியச் சொல், காட்டுப்பூனை என்று பொருள், ஒருவருக்கும் தெரியாது என்று அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை. தாள்கள் வந்து சேர்ந்தன, வாசிக்கத் தொடங்கினான். மூன்றாவது தாள் பள்ளிக்கூடம் போகும் ஒரு சின்னப் பெண் எழுதியது: “நெல் காயும் இடத்தில் காக்கை வராமல் கட்டும் கறுப்புத் துணி.” வெருவுதல் என்றால் அஞ்சுதல் அல்லவா, அதைப் பிடித்துக்கொண்டு எழுதியிருக்கிறாள். நாலைந்து பேர் தலையாட்டிவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து, பாறசாலையில் வாழ்க்கைப்பட்ட சித்தி அடுக்களையிலிருந்து எட்டிப்பார்த்தார். “மக்களே, வெருகு தெரியாதா? ரப்பர் தோட்டத்துல ராத்திரி கோழி பிடிக்க வருமே, அதுல்லா!” மலையாளத்தில் வெருகு என்றால் புனுகுப்பூனை இனம். அகராதி சொல்லும் காட்டுப்பூனையும் இதுவும் ஒன்றா என்று அப்புறம் ஒரு தர்க்கம். சுற்று கலைந்தது.

சுற்று போனால் போகட்டும், இன்னொன்று ஆடலாம். ஆனால் அந்தப் பெண்ணின் கறுப்புத் துணி போனது போனதுதான். எல்லோர் காதிலும் விழுந்துவிட்டது, இனி வேறு சொல்லுக்கு அதை எழுத முடியாது. நல்ல பொய் ஒன்று அமைவது லேசில்லை. சொல்லை எடுத்தவரின் சோம்பலுக்கு எழுதியவர் நஷ்டப்படக் கூடாது. அதற்குப் பிறகு அன்றைக்கு அவள் எழுதியதெல்லாம் ஏனோதானோ.

இதைத் தடுக்க அதிக நேரம் ஆகாது. முதலில் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியைப் பாருங்கள். சொல் அதில் இருந்தால் அது இன்றும் வழக்கில் இருக்கிறது என்று பொருள், விட்டுவிடுங்கள். அடுத்து சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்து, 1939-இல் அனுபந்தமும் சேர்ந்து, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்களைக் கொண்டது, இணையத்திலேயே தேடலாம். வட்டார வழக்காக இருந்தால் அதில் குறித்திருப்பார்கள். நாஞ்சில் வழக்கு என்று குறி இருந்தால் குமரி மாவட்டத்தில் அந்தச் சொல்லைத் தொடவே வேண்டாம்.

மூன்றாவது மலையாளச் சோதனை. ‘ஞ’வில் தொடங்கும் சொல்லெல்லாம் புதிராக இருக்கும் என்று பிள்ளைகள் அந்தப் பக்கங்களையே புரட்டுகிறார்கள். ‘ஞ’வை ‘ந’வாக்கிச் சொல்லிப் பாருங்கள். ஞண்டு நண்டாகும், ஞரம்பு நரம்பாகும். இரண்டுமே மலையாளத்தில் அன்றாடச் சொற்கள். அதற்கும் மேல் சந்தேகம் இருந்தால் அன்றைக்கு ஆட வராத ஒரு மலையாளிக்கு போன் போட்டுக் கேளுங்கள். இந்தச் சோதனைகளையெல்லாம் தாண்டி எங்கள் கூட்டத்தில் நின்ற ‘ஞ’ சொற்களும் உண்டு: ஞமலி (நாய்), ஞெள்ளல் (தெரு).

எவ்வளவு சோதித்தாலும் தெரிந்தவர் ஒருவர் இருக்கத்தான் செய்வார். அதனால் சொல்லை அறிவித்ததும் ஒரு நிமிடம் நிறுத்துங்கள். தெரிந்தவர் வாயைத் திறக்காமல் கையைத் தூக்கட்டும். யாரும் பேனாவை எடுப்பதற்கு முன்பே வேறு சொல்லுக்குப் போய்விடலாம். தெரிந்தும் பேசாமல் இருந்து புள்ளி வாங்குகிறவரை அடுத்த ஆட்டத்துக்குக் கூப்பிடாதீர்கள்.

பெயரா வினையா என்று சொல்லாமல் விடுவது

ஞெள்ளல் என்று மட்டும் சொன்னால் பாதிப் பேர் அதை வினை என்று எடுத்துக்கொண்டு ‘நழுவுதல்’, ‘முனகுதல்’ என்று எழுதுவார்கள். நடுவே ‘தெரு’ மட்டும் தனியாக நிற்கும், எல்லா ஓட்டும் அதற்கே போகும். பெயர்ச்சொல் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வினையாக இருந்தால் எழுதுகிறவர்களும் ‘தல்’ போட்டுத்தான் முடிக்க வேண்டும். லெக்சிகன் அப்படித்தான் எழுதும். ‘கோபப்படுவது’ என்று எழுதினால் வாசிக்கும்போதே பொய் என்று தெரிந்துவிடும்.

சொல்லின் முகத்தைப் பார்த்து எழுதுவது

‘அளகு’ என்ற சொல்லை எடுத்தபோது அழகு சம்பந்தமாகச் சிலர், அளவு சம்பந்தமாகச் சிலர் எழுதினார்கள். ஒரே மாதிரி இரண்டு பொய் வந்தால் ஓட்டு சிதறும், சந்தேகமும் வரும். அளகு என்றால் பெட்டைக்கோழி. சொல்லின் ஓசைக்கும் பொருளுக்கும் ஒட்டே இருக்காது, உண்மையான பழஞ்சொற்கள் பெரும்பாலும் அப்படித்தான். மனதில் முதலில் தோன்றுவது பக்கத்தில் இருப்பவருக்கும் தோன்றும். அதைத் தள்ளிவிட்டு, கையால் தொடக்கூடிய ஒரு பொருளை எழுதுங்கள்: ஏற்றத்தின் ஒரு பாகம், பானை மூடி, மாட்டின் கழுத்துக் கயிறு. கறுப்புத் துணி எடுபட்டது அதனால்தான். அது எங்கே, எதற்காகக் கட்டப்படுகிறது என்பதுவரை அதில் இருந்தது.

‘மீன்வகை’

லெக்சிகனில் ‘மீன்வகை’, ‘செடிவகை’, ‘மரவகை’ என்று முடிந்துபோகும் பதிவுகள் ஏராளம். அதைக் கண்டுகொண்ட பிள்ளைகள் எந்தச் சொல்லுக்கும் மீன்வகை என்று எழுதித் தள்ளுகிறார்கள். உள்ளூரில் ஒருமுறை செல்லும். குளச்சல் பக்கத்து ஆள் ஒருவர் கூட்டத்தில் இருந்தால் அதுவும் செல்லாது. கடலில் எது உண்டு, எது இல்லை என்று அவருக்குத் தெரியும்.

சிரிக்க வைப்பதற்காக எழுதுவது

கைதட்டல் கிடைக்கும், ஓட்டு விழாது.

வாசிப்பவர் தடுமாறுவது

தன் கையால் எழுதிய உண்மைப் பொருளைத் தடங்கலில்லாமல் வாசித்துவிட்டு, மற்றவர்கள் எழுத்தில் திக்கித் திணறினால் ஆட்டம் அங்கேயே முடிந்தது. எல்லாத் தாளையும் முதலில் மனதுக்குள் வாசியுங்கள். புரியாத எழுத்தை எழுதியவரிடம் போய்க் காதோடு கேளுங்கள். பிறகு ஒரே தொனியில், ஒவ்வொன்றையும் இரண்டு தடவை வாசியுங்கள். அகராதியில் இருக்கும் பழந்தமிழை அப்படியே பெயர்த்து வைக்காதீர்கள். மற்றவர்கள் எழுதும் நடைக்கு அதைக் கொண்டுவாருங்கள்.

தாளும் பேனாவும்

ஒரே அளவு, ஒரே நிறம்.

மொபைல்

அடுத்த அறையில்.

ஆடிய சொல்லை எழுதி வைக்காமல் விடுவது

அடுத்த கல்யாணத்திலும் இதே கூட்டம்தான் கூடும். ஒரு நோட்டில் சொல், உண்மைப் பொருள், எடுத்தவர் பெயர், அன்றைக்கு அதிக ஓட்டு வாங்கிய பொய் எல்லாவற்றையும் குறித்து வையுங்கள். அந்த நோட்டு சொல் எடுப்பவர் கையில் இருக்கட்டும். புதிதாக வருகிறவர்களுக்கு முதல் ஆட்டத்துக்கு முன்பே அதில் நாலு பக்கம் படிக்கக் கொடுத்துவிடுங்கள்.