இரு கடல்களுக்கு ஒரு திட்டம்: மன்னார் வளைகுடா, பாக் விரிகுடாப் பாதுகாப்புப் பணியை ஒருங்கிணைக்கும் முறை

தனுஷ்கோடி முனையில் கிழக்கு நோக்கி நின்றால் இடப்புறம் பாக் விரிகுடாவும் வலப்புறம் மன்னார் வளைகுடாவும் தெரியும். முன்னதைப் பெண்கடல் என்றும் பின்னதை ஆண்கடல் என்றும் அங்குள்ளவர்கள் சொல்வார்கள். கச்சான் எனும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் ஆண்கடல் கலங்கிக் கொந்தளிக்கையில் பெண்கடல் குளம்போலக் கிடக்கும். வடகிழக்கிலிருந்து வரும் வாடை தொடங்கிவிட்டால் நிலைமை தலைகீழாகும். இந்தக் கரையில் ஒரு பாதுகாப்புத் திட்டத்தை ஒருங்கிணைக்கப் பொறுப்பேற்பவர், சென்னையில் அச்சிட்ட ஒரே கால அட்டவணையை இரு கடல்களுக்கும் விரித்து வைத்தால் முதல் ஆண்டிலேயே தடுமாறுவார்.

ஒருங்கிணைப்பாளருக்குப் படகை நிறுத்தவோ அபராதம் விதிக்கவோ அதிகாரம் கிடையாது. ஒரே நீர்ப்பரப்பைப் பற்றி இரு துறைகளோ இரு ஊர்களோ ஒன்றுக்கொன்று முரணான முடிவை எடுத்துவிடாமல் பார்த்துக்கொள்வதே அவருடைய வேலை. இதற்குக் கப்பாபைகஸ் பாசியைக் காட்டிலும் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை. வெளிநாட்டிலிருந்து வந்த இந்தப் பாசியைக் கரையோரக் குடும்பங்களின் வருமானத்திற்காக மிதவைகளில் வளர்க்க அரசுத் திட்டங்களே ஊக்கமளித்தன. 2008-இல் அதே பாசி குருசடைத் தீவின் பவளப்பாறைகளைப் போர்த்திப் படர்ந்திருப்பது கண்டறியப்பட்ட பிறகு, வனத்துறை அதைக் கையால் பிய்த்தெடுக்க வேண்டியதாயிற்று. மிதவை எந்தக் கடலில் இருக்கலாம், காற்று எந்தப் பக்கம் துண்டுகளைத் தள்ளும் என்ற கேள்விகள் ஒரே மேசையில் முன்கூட்டியே பேசப்பட்டிருக்க வேண்டியவை.

ஆகவே முதல் வேலை வரைபடம். 1986-இல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்கா, பாம்பனுக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகளைச் சுற்றி 560 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. அங்கே வனத்துறையின் சொல் செல்லும். அதை உள்ளடக்கி 1989-இல் அறிவிக்கப்பட்ட உயிர்க்கோளக் காப்பகம் 10,500 சதுர கிலோமீட்டர் அளவுக்கு விரிந்தது. அதன் பெரும்பகுதியில் மீன்பிடிப்பு வழக்கம்போல் நடக்கிறது. வடக்கே, தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில், 448 சதுர கிலோமீட்டரில், கடல்பசு எனும் பாலூட்டிக்கான காப்பகம் 2022-இல் அமைந்தது. இவற்றின் குறுக்கே 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் செல்கிறது. கரையை ஒட்டிய கடல் நாட்டுப்படகுகளுக்கு உரியது என்று அது சொல்வதை நடைமுறைப்படுத்துவது மீன்வளத்துறை. கரைநிலத்துக்குக் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள், கண்காணிப்புக்குக் கடலோரக் காவல்படையும் கடலோரப் பாதுகாப்புக் குழுமமும், தூத்துக்குடியில் துறைமுகம் என இன்னும் பல கைகள் உண்டு. எல்லாவற்றையும் ஒரே தாளில் வரைந்து, எந்த இடத்தில் எந்த அலுவலரின் கையெழுத்து செல்லும் என்று எழுதிவிடுங்கள்.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு கரைக்குப் போங்கள். மூத்த மீனவர் ஒருவர் கரையில் தெரியும் கோபுரத்தையும் பனங்கூட்டத்தையும் ஒரு நேர்கோட்டில் வைத்து, இன்ன பார் (கடலடிப் பாறைத்திட்டு) இத்தனை பாகம் ஆழத்தில் இருக்கிறது, இன்ன இடத்தில் வலை கிழியும் என்று விரலால் காட்டுவார். அதிகாரிகளின் வரைபடத்தில் வெறும் நீல நிறமாக இருக்கும் இடத்தில் அவருக்குப் பத்துப் பெயர்கள் இருக்கும். அந்தப் பெயர்களை அப்படியே பதியுங்கள்; பின்னாளில் "இந்தப் பாரில் இழுவை மடி (கடலடியை வாரி இழுக்கும் வலை) போடக்கூடாது" என்று பேசும்போது அட்சரேகை, தீர்க்கரேகையைவிட அந்தப் பெயர்தான் உதவும்.

அடுத்தது நாட்காட்டி. இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும் என்பது என் கருத்து. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். விசைப்படகுத் தொழிலாளர்கள் கரையில் இருக்கும் அந்நாட்களில் அவர்களுடன் பேசலாம், வலைக்கண் அளவைப் பற்றிய பயிற்சியை வைக்கலாம். ஆனால் நாட்டுப்படகு மீனவர்களுக்குத் தடை இல்லாததால் அவர்களுக்கு அதுவே நல்ல வருமானம் தரும் காலம். அவர்களை அப்போது கூட்டத்திற்கு அழைப்பது அவர்களின் வயிற்றில் அடிப்பதாகும். தண்ணீர் சூடேறிப் பவளங்கள் வெளுக்கும் பருவமும் அதே கோடைதான்; 2010-இலும் 2016-இலும் மன்னார் வளைகுடாவில் பெருமளவில் அப்படி நேர்ந்தது. எனவே வெப்பநிலைப் பதிவுக்கான கருவிகளும் முக்குளிக்கும் குழுவும் மார்ச் முடிவதற்குள் தயாராக இருக்க வேண்டும். கச்சான் வலுத்துவிட்டால் தென்புறத்தில் தண்ணீர் கலங்கிக் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. மூங்கில் சட்டத்தில் தென்னங்கயிறு கட்டிக் கடல்புல் நடும் பணியை வடபுறத்தில் வைத்துக்கொள்வதாயின் வாடைக்கு வெகு முன்பே முடித்துவிடுங்கள். பங்குனி ஆமைகள் முட்டையிட வருவது ஏறக்குறைய ஜனவரி முதல் ஏப்ரல் வரை. பெயரிலேயே மாதம் இருக்கிறது.

வாரக் கணக்கும் உண்டு. பாக் விரிகுடாவில் விசைப்படகுகளுக்கு வாரத்தில் மூன்று நாட்கள், நாட்டுப்படகுகளுக்கு நான்கு நாட்கள் என்ற பங்கீடு நெடுநாளைய வழக்கம். கத்தோலிக்க ஊர்களில் ஞாயிறன்று பெரும்பாலோர் கடலுக்குப் போவதில்லை. பூசைக்குப் பிறகு பேசலாம். இஸ்லாமிய மீனவர் மிகுந்த ஊர்களில் வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பின். நான் முதன்முதலில் கூட்டிய கூட்டம் புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு. வந்தவர்கள் மூன்று அலுவலர்களும் தேநீர் கொண்டுவந்த சிறுவனும்.

பெண்களைத் தனியாகச் சந்திக்க வேண்டும். விரல்களில் துணி சுற்றி, முகத்தில் கண்ணாடி மாட்டித் தீவோரங்களில் மூழ்கி மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப் பாசியும் எடுக்கும் பெண்கள், தீவுகளின் நிலையை அன்றாடம் பார்ப்பவர்கள். மாதத்தில் குறிப்பிட்ட நாட்கள் மட்டுமே எடுப்பது, இனப்பெருக்கக் காலத்தில் நிறுத்துவது என்று தமக்குத் தாமே கட்டுப்பாடு வகுத்துக்கொண்டவர்களும் அவர்களே. ஆனால் ஊர்க்கமிட்டிக் கூட்டத்தில் பெரும்பாலும் ஆண்களே உட்காருவார்கள். தேசியப் பூங்கா எல்லைக்குள் நுழைந்ததாக வழக்குப் பதியப்படும் அச்சத்தில் இருக்கும் ஒருவர், வனத்துறை அலுவலர் உடனிருக்கும்போது வாய் திறக்கமாட்டார். முதல் சந்திப்புக்கு அலுவலரை அழைக்காதீர்கள்.

கடல்பசு வலையில் சிக்கும் நிகழ்வே திட்டத்திற்குச் சரியான சோதனை. அப்பகுதியில் ஆவுளியா என்றும் அழைக்கப்படும் இவ்விலங்கு மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். வலைக்குள் சிக்கினால் நேரம் மிகக் குறைவு. மீனவர் வலையை அறுத்துத்தான் அதை விடுவிக்க வேண்டும். விடுவித்தவர்களைப் பாராட்டிப் பரிசளிக்கும் வழக்கம் இருக்கிறது, அது நல்லதே. எனினும் விழாவில் கிடைக்கும் சால்வையைவிட, அறுந்த வலையின் விலை ஒரு வாரத்திற்குள் கைக்கு வருவது முக்கியம். ஆகவே ஊர்க்கமிட்டியிடம் சிறு முன்பணம் வைத்து, அலைபேசிப் படம் போதுமான சான்று என்று முன்கூட்டியே எழுத்தில் ஒப்புக்கொள்ளச் செய்யுங்கள். யாரை முதலில் அழைப்பது என்பது ஒரே ஓர் எண்ணாக இருக்கட்டும். வனத்துறை, மீன்வளத்துறை, காவல் என்று மூன்று எண்களைக் கொடுத்தால் மீனவர் எதையும் அழைக்கமாட்டார்.

கண்காணிப்புத் தரவைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை: ஒவ்வொரு முறையும் அதே இடத்தில், அதே கோட்டில், அதே பருவத்தில் அளவெடுங்கள், கிடைத்ததைத் தமிழில் ஒரு பக்கமாக்கி ஏலக்கூடத்துச் சுவரில் ஒட்டுங்கள்.

இலங்கையுடனான பகுதி கடினமானது. அங்கே இழுவை மடி 2017 முதல் சட்டப்படி தடை செய்யப்பட்டுள்ளது; இங்கே அது தொடர்கிறது. கடலடியில் ஊரும் கடல் அட்டை இங்கே 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பிடிக்கக்கூடாத உயிரினம்; அங்கே உரிமம் பெற்றுப் பிடிக்கலாம். சட்டங்கள் இப்படி வேறுபடுவதால்தான் ராமேசுவரம் கரையில் மூட்டை மூட்டையாக அட்டை பிடிபட்ட செய்திகள் வருகின்றன. படகுப் பறிமுதல், கைது ஆகியவை பற்றி ஒருங்கிணைப்பாளர் எந்த வாக்குறுதியும் தரக்கூடாது. ஒருமுறை தந்துவிட்டால் அதன்பின் எல்லாக் கூட்டமும் அதைப் பற்றிய கூட்டமாகவே இருக்கும். இரு பக்கத்து ஆய்வு நிறுவனங்களும் கடல்புல் பரப்பை ஒரே முறையில், ஒரே மாதத்தில் அளக்க வைப்பது மட்டும் அவரால் ஆகக்கூடியது, அதுவே பெரிது.

நிதி ஒருநாள் முடியும் என்பதை முதல் நாளே கணக்கில் கொள்ளுங்கள். வாங்கும் படகு யார் பெயரில் பதிவாகிறது, அதற்கு டீசல் யார் போடுவார்கள் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். கூட்ட முடிவுகளை இரண்டு நோட்டுகளில் தமிழில் எழுதி, இரண்டிலும் கையெழுத்து வாங்கி, ஒன்றை ஊர்த்தலைவரிடமே கொடுத்துவிடுங்கள். உங்களுக்கு அடுத்து வருபவர் அலுவலகக் கோப்பைத் தேடிக் கிடைக்காதபோது, அங்கே போய்க் கேட்டுக்கொள்வார்.