சினைமாடும் தெருநாயும்: நாம் செய்யும் தவறுகள்

தேவிபட்டினம் பக்கம் ஒரு அக்கா வீட்டு மாடு ஆறாம் மாதத்தில் கன்று வீசிவிட்டது. மாட்டுக்குக் காய்ச்சல் இல்லை. வைக்கோலும் வழக்கம்போலத் தின்றது. "வெயில் சூடுதான் தம்பி" என்றார். விழுந்த கருவைச் சீமைக்கருவேலம் புதருக்குள் போட்டிருந்தார். நான் போனபோது இரண்டு நாய்கள் அதை இழுத்துக்கொண்டிருந்தன.

சூடோ இல்லையோ, பெரிய தவறு அந்தப் புதரில்தான் நடந்தது. நியோஸ்போரா என்ற ஒட்டுண்ணி பரவும் வழி இது. கருவையோ இளங்கொடியையோ (நஞ்சுக்கொடி) நாய் தின்றால், அதன் கழிவில் ஒட்டுண்ணியின் முட்டை வெளியாகித் தீவனத்திலும் தண்ணீர்த் தொட்டியிலும் கலக்கும். பெரும்பாலும் 5, 6 மாதச் சினையில் கன்று வீசும். மாடு பார்க்க நன்றாகவே இருக்கும். தப்பிப் பிறக்கும் கிடேரியும் நோயைச் சுமந்து, பின்னாளில் தன் கன்றுக்குக் கொடுக்கலாம். இதைத் தீர்க்க மருந்து இல்லை. இளங்கொடியைச் சாக்கில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிடுவார்களே, அதில் நாய்க்கு எட்டாது என்ற லாபமாவது இருந்தது. மருத்துவர் பரிசோதனைக்கு மாதிரி எடுத்தபின் ஆழக் குழிவெட்டி, சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். வெறுங்கையால் தொடவே வேண்டாம். கன்று வீச்சுக்குப் புருசெல்லோசிஸ் என்ற தொற்றுநோய் காரணமாக இருந்தால் நமக்கும் ஒட்டும்.

அப்புறம் வயிற்றுப் பூச்சிக்கான மருந்து. சினை ஊசி போட்டது எப்போது என்று கேட்டேன். "பொங்கலுக்கு முந்தியா, பிந்தியா..." என்று யோசித்தார். தேதி தெரியாமல் மெடிக்கலில் மாத்திரை வாங்குவது ஆபத்து. சினையின் முதல் 45 நாளில் அல்பெண்டசோல் கூடாது, கருவைப் பாதிக்கும். அதற்குப் பயந்து ஒன்பது மாதமும் மருந்தே கொடுக்காமல் விடுவது இன்னொரு தவறு. சினையில் கொடுக்கக்கூடிய ஃபென்பெண்டசோல் போன்றவை உண்டு, மாட்டாஸ்பத்திரியில் கேளுங்கள்.

தை, மாசியில் கண்மாய் வற்ற வற்ற ஓரத்தில் பச்சைப் புல் நிற்கும். மற்ற இடமெல்லாம் காய்ந்திருக்க, மாட்டை அங்கே விடத்தான் மனம் வரும். நத்தையிலிருந்து வெளியேறிய தட்டைப்புழுக் குஞ்சு ஒட்டியிருப்பதும் அந்தப் புல்லில்தான். ரத்தசோகை, தாடைக்கு அடியில் வீக்கம், கன்று நோஞ்சானாகப் பிறப்பது எல்லாம் பிறகு வரும். புல்லை அறுத்து நன்றாகக் காயவைத்துப் போட்டால் ஆபத்து குறையும்.

உண்ணிக்கு மாட்டின் மேல் மட்டும் மருந்து அடித்தால் போதாது. கொட்டகைச் சுவரின் வெடிப்புகளிலும் அது முட்டையிடும். உண்ணி பரப்பும் தைலேரியா என்ற நோயில் காய்ச்சல் ஏறி, நெறி கட்டி, கலப்பினச் சினைமாடு கன்றை வீசிவிடலாம். காய்ச்சல் கண்டால் விடியட்டும் என்று இருக்காமல் கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962க்குப் போன் செய்யுங்கள்.