ஸ்டாஃப் நர்ஸின் ஃபைலில் என்ன இருக்க வேண்டும்?

வேலை மாறும்போதும், மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போதும், வெளிநாடு கிளம்பும்போதும் வார்டில் கெட்டிக்காரர் என்று பெயரெடுத்த நர்ஸ்கூடக் காகிதத்தில் மாட்டிக்கொள்கிறார். பல காகிதங்களை அந்தந்த நேரத்தில் வாங்கினால் ஒரு நாள் வேலை. ஐந்து வருடம் கழித்துத் தேடினால் கல்லூரி மூடியிருக்கும், கையெழுத்துப் போட வேண்டியவர் ஓய்வு பெற்றிருப்பார்.

முதலில் பெயர். தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இனிஷியல்தான் பெரிய வில்லன். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியலோடு ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் அப்பா பெயரை விரித்து எழுதியது, திருமணத்துக்குப் பிறகு ஆதாரில் கணவர் பெயர் என்று மூன்று விதமாக இருந்தால், சரிபார்க்கும் நிறுவனத்துக்கு அது மூன்று ஆள். படிக்கும்போதே பாஸ்போர்ட் எடுத்து, அதே எழுத்துக்கூட்டலில் நர்ஸிங் கவுன்சில் பதிவையும் போடுங்கள். இனிஷியல் விரிவு மட்டும் வேறுபட்டால் நோட்டரியிடம் 'இரு பெயரும் ஒருவரே' என்ற உறுதிமொழிப் பத்திரம் பல இடங்களில் போதும். பெயரே மாறியிருந்தால் அரசிதழ் அறிவிப்பு வேண்டும். கல்யாணமானதும் பாஸ்போர்ட்டில் மட்டும் அவசரமாகப் பெயர் மாற்றுவதைத் தவிர்க்கலாம். மாற்றுவதென்றால் எல்லாவற்றிலும் மாற்றுங்கள்.

அடுத்தது பதிவு. ஜி.என்.எம். (நர்ஸிங் டிப்ளமோ) ஆனாலும் பி.எஸ்சி. ஆனாலும் மாநிலக் கவுன்சிலான தமிழ்நாடு நர்ஸ்கள் மற்றும் மருத்துவத் தாதியர் குழுமத்தில் நர்ஸ், மிட்வைஃப் (பிரசவத் தாதி) என இரு பதிவும் இருக்க வேண்டும். வேறு மாநிலத்தில் வேலை என்றால் இங்கிருந்து தடையின்மைச் சான்று வாங்கி அந்த மாநிலக் கவுன்சிலிலும் பதிய வேண்டும். புதுப்பிக்கத் தொடர்கல்வி நேரம் கேட்பார்கள். இந்திய நர்ஸிங் கவுன்சில் வகுத்த அளவு 5 ஆண்டுக்கு 150 மணி நேரம், அதாவது வருடத்துக்கு 30. கடைசி வருடத்தில் எல்லாவற்றையும் ஓடி முடிப்பவர்கள் ஏராளம். எத்தனை கிரெடிட் நேரம், எந்தக் கவுன்சில் அங்கீகரித்தது என்ற விவரம் இல்லாத கருத்தரங்குச் சான்றிதழை நம்பி உட்கார வேண்டாம். பி.எல்.எஸ்., ஏ.சி.எல்.எஸ். (அடிப்படை, மேம்பட்ட உயிர்காப்புப் பயிற்சி) அட்டைகளுக்கு ஆயுள் 2 வருடம்தான்.

அனுபவச் சான்றிதழில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். 'இவர் எங்களிடம் நர்ஸாகப் பணிபுரிந்தார், நன்னடத்தை உடையவர்' என்ற இரண்டு வரி எதற்கும் உதவாது. பதவி, முழுநேரப் பணி என்ற சொல், சேர்ந்த தேதி, விலகிய தேதி, எந்தெந்த வார்டில் எவ்வளவு காலம், மருத்துவமனையின் படுக்கை எண்ணிக்கை, கையெழுத்திட்டவரின் பெயரும் பதவியும், லெட்டர்ஹெட்டில் வேலை செய்யும் மின்னஞ்சல் முகவரி: இத்தனையும் வேண்டும். வளைகுடா நாடுகளுக்காக டேட்டாஃப்ளோ என்ற நிறுவனம் சான்றிதழ்களைச் சரிபார்க்கும்போது மருத்துவமனைக்கே நேரடியாகக் கடிதம் போகும். எச்.ஆர். பதில் போடாவிட்டால் 'சரிபார்க்க இயலவில்லை' என்றே அறிக்கை வரும். அதனால் யார் பதில் எழுதுவார் என்று முன்கூட்டியே கேட்டு, அவரிடம் சொல்லி வையுங்கள். நியமன ஆணை, பே ஸ்லிப், ரிலீவிங் ஆர்டர் எல்லாவற்றிலும் தேதிகள் ஒத்துப்போக வேண்டும். அசல் சான்றிதழ்களைச் சேரும்போது ஒப்படைக்காதீர்கள், பார்த்துவிட்டுத் திருப்பித் தரச் சொல்லுங்கள்.

கல்லூரியிலிருந்து டிரான்ஸ்கிரிப்டும் வாங்கி வையுங்கள். பாடவாரியாக வகுப்பு நேரமும் மருத்துவமனைப் பயிற்சி நேரமும் தனித்தனியாக இருக்க வேண்டும்.

ஃபைலோடு ஒரு நோட்டும் வேண்டும். தேதி, வார்டு, செய்த வேலை, தனியாகச் செய்ததா மேற்பார்வையிலா என்று எழுதுங்கள். நோயாளியின் பெயரோ ஐ.பி. (உள்நோயாளி) எண்ணோ கூடாது. ஐ.சி.யூ. நேர்காணலில் 'வென்டிலேட்டர் பார்த்திருக்கிறேன்' என்றால் அடுத்த கேள்வி கணக்காகத்தான் வரும். உதாரணத்துக்கு, 50 மி.லி. சிரிஞ்சில் 4 மி.கி. நார்அட்ரினலின் (ரத்த அழுத்தத்தை உயர்த்தும் மருந்து), 60 கிலோ நோயாளி, நிமிடத்துக்குக் கிலோவுக்கு 0.1 மைக்ரோகிராம்; பம்ப்பை மணிக்கு எத்தனை மி.லி.யில் வைப்பது? ஒரு மி.லி.யில் 80 மைக்ரோகிராம். தேவை நிமிடத்துக்கு 6, மணிக்கு 360. ஆக மணிக்கு 4.5 மி.லி. நிமிடத்தை மணியாக்க மறப்பது வழக்கமான தப்பு. அதைவிட ஆபத்தானது லேபிள்: 2 மி.கி. பைடார்ட்ரேட் (மருந்தின் உப்பு வடிவம்) என்பது 1 மி.கி. நார்அட்ரினலின் பேஸ்தான் (உப்பு நீங்கலான மருந்து). உங்கள் யூனிட் எந்தக் கணக்கில் மருந்தைக் கலக்கிறது என்று தெரியாமல் வேறு மருத்துவமனைப் பழக்கத்தில் பம்ப்பை செட் செய்தால் டோஸ் பாதியாகவோ இரட்டிப்பாகவோ போகும்.

மேற்படிப்பில் ஜி.என்.எம். முடித்தவருக்கு 2 வருட போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. முதல் படி. பி.எஸ்சி. முடித்து, படுக்கையருகிலேயே இருக்க விரும்புபவருக்கு 2 வருட கிரிட்டிக்கல் கேர் நர்ஸ் பிராக்டீஷனர் படிப்பு பொருந்தும், ஆசிரியப் பணி வேண்டுமென்றால் எம்.எஸ்சி. கையில் ஒரு வருடம் மட்டும் இருந்தால் சிறப்புத்துறை டிப்ளமோ. வார்டு அனுபவம் இல்லாமல் எம்.எஸ்சி.க்குத் தாவுவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. கற்பிக்கக் கையில் சரக்கு இருக்காது.

பிரிட்டனுக்கு என்.எம்.சி. (அந்நாட்டு நர்ஸிங் கவுன்சில்) பதிவு வேண்டும். மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓ.இ.டி.யில் வாசிப்பு, கேட்டல், பேச்சு மூன்றிலும் பி, எழுத்தில் சி பிளஸ், அல்லது ஐ.இ.எல்.டி.எஸ். அகாடெமிக்கில் எழுத்தில் 6.5, மற்ற மூன்றிலும் 7. கணினித் தேர்வை இங்கேயே எழுதலாம், அதில் மருந்துக் கணக்குக்குத் தனிப் பகுதி உண்டு. செய்முறைத் தேர்வான ஆஸ்கியை அங்கே போய்த்தான் எழுத வேண்டும், அதில் 10 நிலையங்கள்.

சவூதி, குவைத், அமீரகம் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு நர்ஸ் ஆளெடுப்பை அரசு நிறுவனங்கள் வழியாக நடத்த 2015-ல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் அந்த நிறுவனம் சென்னையிலுள்ள அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். உரிமம் பெற்ற ஏஜென்ட்கூட வாங்கக்கூடிய உச்சக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். லட்சங்களில் கேட்பவரிடம் முதலில் உரிம எண்ணைக் கேட்டு, மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் தேடிப் பாருங்கள்.