உட்கட்சித் தேர்தல் முடிந்த பிறகு கிளையைக் கட்டிக் காப்பது எப்படி?

பொதுத் தேர்தல் முடிந்தால் மற்றக் கட்சிக்காரரோடு ஒரு மாதம் கதைக்காமல் இருக்கலாம், ஒன்றும் கெட்டுப்போகாது. உட்கட்சித் தேர்தலில் அந்த வசதி இல்லை. வென்றவரும் தோற்றவரும் மறுநாள் காலை ஒரே தேநீர்க்கடை வாங்கில் இருக்க வேண்டும். ஒருவர் மற்றவருக்கு மச்சானாகவும் இருப்பார்.

நான் யாழ்ப்பாணத்தில் கொக்குவில் பக்கம் தமிழரசுக் கட்சியின் ஒரு மூலக்கிளையின் செயலாளர். கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜராக இருந்து ஓய்வு பெற்றவன். மேடைப் பேச்சு வராது. கூட்டம் கூட்டுவது, கதிரை அடுக்குவது, குறிப்பு எழுதுவது, அதுதான் என் வேலை. 2024 ஜனவரி 21ஆம் திகதி திருகோணமலையில் இலங்கைத் தமிழரசுக் கட்சியின் தலைவரைத் தெரிவு செய்ய வாக்கெடுப்பு நடந்தது. 1949இல் தொடங்கிய கட்சியில் தலைவர் பதவிக்கு வாக்குப்பெட்டி வைத்தது அதுதான் முதல் தடவை. சி. சிறீதரனுக்கு 184 வாக்கு, எம். ஏ. சுமந்திரனுக்கு 137. நான் எந்தப் பக்கம் என்று இங்கே எழுதப்போவதில்லை. என் மருமகனுக்குத் தெரியும், அவர் மற்றப் பக்கம். அந்த வருடம் கிளைக்குள் பட்ட பாட்டில் எது பலித்தது, எதைச் செய்யாமல் இருந்திருக்கலாம் என்பதை எழுதி வைக்கிறேன். எந்தக் கட்சிக்காரருக்கும் உதவும்.

முதல் இரவு

முடிவு வந்த இரவில் கிளையின் வாட்ஸ்அப் குழுவைப் பூட்டுங்கள். அட்மின் மட்டும் எழுதலாம் என்று மாற்றிவிட்டு, யாருக்கு எத்தனை வாக்கு, அடுத்த கிளைக் கூட்டம் எப்போது என்று இரண்டே வரி போடுங்கள். வாழ்த்தும் வேண்டாம், அனுதாபமும் வேண்டாம். நான் அப்படிச் செய்தபோது, “எங்கட வாயைப் பொத்துறியளோ?” என்று இரண்டு பக்கத்திலிருந்தும் தொலைபேசி எடுத்தார்கள். இரு பக்கமும் ஏசினால் சரியான இடத்தில்தான் நிற்கிறோம் என்று எடுத்துக்கொண்டேன். விடிந்ததும் குழுவைத் திறந்துவிட்டேன். இரவு பதினொரு மணிக்கு எழுத இருந்ததைக் காலையில் பல் தீட்டிவிட்டு எழுத ஒருவருக்கும் மனம் வரவில்லை.

வெளிநாட்டிலிருந்து வரும் குரல் பதிவுகளைக் கேளுங்கள், அனுப்பியவர் உங்கள் சொந்தக்காரராகத்தான் இருப்பார். ஆனால் மற்றவருக்குத் தள்ளிவிடாதீர்கள். ரொறன்ரோவில் இருப்பவர் “கட்சியை உடையுங்கோ” என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விடுவார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த மற்றவருக்குப் பக்கத்துக் கதிரையில் இருக்கப் போவது நீங்கள்.

வென்ற பக்கத்துப் பெடியள் வெடி கொளுத்துவார்கள். தடுக்கப் பார்ப்பது வீண் வேலை. சந்தியில் கொளுத்தச் சொல்லுங்கள், தோற்றவரின் ஒழுங்கைக்குள் போகவிடாதீர்கள். எங்கள் ஊரில் ஒரு வாத்தியாரின் படலைக்கு நேரே சீன வெடியை விரித்துக் கொளுத்தினார்கள். வாத்தியார் கட்சிக்கு என்னைவிடப் பழைய ஆள். சிவப்புக் கடதாசித் துண்டுகள் அடுத்த மழை வரும்வரை மதகடியில் ஒட்டிக்கொண்டு கிடந்தன. அவர் அதைக் கூட்டவில்லை, நான் ஆள் அனுப்பியபோது கூட்ட விடவுமில்லை. “கிடக்கட்டும், பாக்கிற ஆக்கள் பாக்கட்டும்” என்றார். அந்த வெடி தேர்தல் முடிவைவிட அதிக நாள் கதைக்கப்பட்டது.

யார் முதலில் போவது?

வென்ற பக்கம்தான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தோற்றவர் வந்து வாழ்த்தட்டும் என்று காத்திருப்பவர்கள் கிளையை இழப்பார்கள். ஒருவர் போனால் போதும், கூட்டமாகப் போனால் அது ஊர்வலம். பகலில் போங்கள். “நடந்ததை மறப்பம்” என்று மட்டும் வாய் தவறியும் சொல்லாதீர்கள். வென்றவனுக்கு மறப்பது சுலபம், தோற்றவனுக்கு அது இன்னொரு அடி. ஆறுதல் சொல்லவும் வேண்டாம். ஒரு வேலை கேளுங்கள். “அண்ணை, வாற கூட்டத்துக்கு ஒலிபெருக்கியை நீங்கள்தான் ஒழுங்குபடுத்தித் தரவேணும்” என்று கேட்டுப் பாருங்கள். மறுத்தால் பேசாமல் திரும்பி வந்து, அடுத்த கிழமை வேறொரு வேலையோடு போங்கள்.

தோற்ற பக்கத்துக்கு நான் சொல்வது குறைவு. முடிவை ஏற்கிறோம் என்று ஒரு வரி சொன்னால் போதும். கைதட்ட வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. கூட்டத்துக்கு வந்து இருந்தாலே பெரிய காரியம். ஆனால் வராமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். வராதவரின் கதிரையில் வேறொருவர் இருந்துவிடுவார், பிறகு எழுப்ப ஏலாது.

இதற்கு நாள் கொடுக்க வேண்டும். அமெரிக்காவில் 2008இல் ஜனநாயகக் கட்சிக்குள் ஒபாமாவுக்கும் ஹிலாரி கிளின்டனுக்கும் நடந்த வேட்பாளர் போட்டி மாதக்கணக்கில் இழுபட்டது, கடைசிவரை நெருக்கம். ஹிலாரி ஜூன் 7ஆம் திகதி வாஷிங்டனில் தன் ஆட்களைக் கூட்டிப் போட்டியை நிறுத்துவதாகச் சொல்லி, ஒபாமாவை ஆதரிக்கக் கேட்டார். அதோடு எல்லாரும் சமாதானமாகிவிடவில்லை, ஒபாமாவுக்கு வாக்களிக்கவே மாட்டோம் என்று நின்றவர்களும் இருந்தார்கள். ஆகஸ்ட் 27 டென்வர் மாநாட்டில் மாநிலம் மாநிலமாகப் பெயர் கூப்பிட்டு வாக்கைச் சொல்லிக்கொண்டு வந்தபோது, ஹிலாரிக்கு விழுந்ததையும் சபையில் சத்தமாகச் சொன்னார்கள். நியூயோர்க்கின் முறை வந்ததும் அவரே எழுந்து, எண்ணுவதை நிறுத்தி ஒபாமாவை ஏகமனதாகத் தெரிவு செய்யலாம் என்று பிரேரித்தார். இந்த ஒழுங்கைக் கவனியுங்கள். தோற்றவரின் வாக்கு முதலில் சபையில் கேட்டது, ஏகமனது பிறகுதான் வந்தது. எங்கள் ஆட்கள் சிலர் முடிவைச் சொல்லும்போது 184ஐ மட்டும் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். 137ஐயும் சொல்லுங்கள், அதுவும் கட்சியின் வாக்குத்தான்.

எங்களுக்கு அந்த ஆறுதல் காலம் கிடைக்கவில்லை. முடிவு வந்ததும் சுமந்திரன் வாழ்த்துச் சொன்னார், ஊரில் பாதிப் பேர் இனிச் சரி என்று நினைத்தார்கள். ஜனவரி 27 அன்று பொதுச்செயலாளர் உள்ளிட்ட பதவிகளுக்கு ஆள் தெரியப் போய், அங்கே பிடித்தது சண்டை. மறுநாள் நடக்க இருந்த தேசிய மாநாடு தள்ளிப்போனது. பெப்ரவரியில் விஷயம் நீதிமன்றம் ஏறியது. தலைவர் போட்டியில் அடக்கிக்கொண்ட கோபமெல்லாம் பதவிப் பங்கீட்டில்தான் வெளியே வரும். ஆகவே உங்கள் கிளையிலும் செயலாளர், பொருளாளர் தெரிவு அதே மாதத்தில் வந்தால், முடிந்தால் தள்ளி வையுங்கள். முடியாவிட்டால் இரண்டில் ஒன்றைத் தோற்ற பக்கத்துக்கு விட்டுக்கொடுங்கள்.

சீ.ஆர். கொப்பி

என் அனுபவத்தில் கிளையைக் காப்பது கூட்டக் குறிப்புக் கொப்பி. நல்ல தடித்த மட்டையுள்ள சீ.ஆர். கொப்பி ஒன்று வாங்கி, முதல் வேலையாகப் பக்க எண் போடுங்கள். தாள் கிழித்தால் தெரிய வேண்டும். அழைப்பு எந்தத் திகதி போனது, எப்படிப் போனது என்று எழுதுங்கள். வந்தவர்கள் கையொப்பம் வைக்கட்டும், நீங்களே பெயரை எழுதிக்கொள்ள வேண்டாம். யார் பிரேரித்தது, யார் வழிமொழிந்தது, எதிர்த்தவர் எத்தனை பேர், பேசாமல் இருந்தவர் எத்தனை பேர், எல்லாம் வர வேண்டும். கூட்டம் கலைவதற்கு முன் வாசித்துக் காட்டுங்கள். சங்கக்கடையில் இருப்பு எடுத்த நாளிலிருந்து எனக்கு இந்தப் பழக்கம். சலிப்பான வேலைதான். ஆனால் பிளவு வந்த வருடத்தில் ஒவ்வொரு வரியும் ஒருநாள் வழக்கறிஞர் கைக்குப் போகலாம்.

பெரிய இடத்திலேயே இது நடந்திருக்கிறது. தமிழர் விடுதலைக் கூட்டணிக்குள் தலைமைப் பிரச்சினை நீதிமன்றம் போனதால், 2004 பொதுத் தேர்தலில் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு அந்தக் கட்சியின் உதயசூரியன் சின்னத்தைப் பயன்படுத்த முடியாமல் தமிழரசின் வீட்டுச் சின்னத்துக்கு வந்தது. இன்றைக்கு நாங்கள் சொந்தம் கொண்டாடுகிற வீடு திரும்பப் பாவனைக்கு வந்த கதை அதுதான்.

முதல் கூட்டம்

சனசமூக நிலையத்தில் வையுங்கள், ஒருவர் வீட்டு விறாந்தையில் வேண்டாம். கதிரையை வரிசையாகப் போட்டால் ஒரு பக்கம் இடது, ஒரு பக்கம் வலது என்று பிரிந்து இருந்துவிடுவார்கள். வட்டமாகப் போடுங்கள். பிளேன்ரீயும் வடையும் தொடக்கத்திலேயே கொடுத்துவிட வேண்டும். கடைசியில் கொடுக்க வைத்திருந்தால் கோபித்துப் போகிறவர் குடிக்காமலே போய்விடுவார், அது இன்னொரு குறையாகிவிடும். நிகழ்ச்சி நிரலில் வெள்ள வாய்க்காலையும் தெரு விளக்கையும் முதலில் வையுங்கள். கட்சிக் கதை மூன்றாவது.

அந்தக் கதை வந்ததும் ஒரு உண்மையை நான் ஞாபகப்படுத்தினேன். 184ஐயும் 137ஐயும் கூட்டினால் 321. வாக்குப் போட்டவர்கள் பொதுச்சபை உறுப்பினர்கள். எங்கள் கிளையில் அடிபட நின்றவர்களில் ஒருவர்கூட அந்த மண்டபத்துக்குள் போகவில்லை. போடாத வாக்குக்கு ஏன் மச்சானோடு கோபம்? சாதாரண உறுப்பினருக்கும் வாக்கு வேண்டும் என்று நினைத்தால் தீர்மானமாக எழுதித் தொகுதிக் கிளைக்கு அனுப்புங்கள். எங்கள் கூட்டத்தில் இரண்டு பக்கமும் சேர்ந்து கையுயர்த்திய ஒரே தீர்மானம் அதுதான்.

“துரோகி” என்ற சொல் வந்தால் அந்த நிமிடமே கூட்டத்தை நிறுத்துங்கள். மற்ற ஏச்சையெல்லாம் விட்டுவிடலாம், இதை விட முடியாது. 1975 ஜூலையில் பொன்னாலையில் சுடப்பட்ட யாழ். மேயர் அல்பிரட் துரையப்பாவுக்கும், 1989 ஜூலையில் கொழும்பில் சுடப்பட்ட கூட்டணித் தலைவர் அமிர்தலிங்கத்துக்கும் அந்தப் பட்டம் முன்கூட்டியே கட்டப்பட்டிருந்தது. எங்கள் தலைமுறைக்கு அது வெறும் ஏச்சு இல்லை. இளம் பெடியளுக்கு அது தெரியாது. சத்தம் போடாமல் எடுத்துச் சொல்லுங்கள்.

அடுத்த தேர்தலில்

எங்கள் விகிதாசார முறையில் உட்கட்சிப் போட்டி முடிவதே இல்லை. கட்சிக்கு ஒரு வாக்கு, அதே பட்டியலில் விரும்பிய மூன்று பேருக்கு விருப்பு வாக்கு. அதனால் ஒரே துண்டுப்பிரசுரத்தில் சிரித்துக்கொண்டு நிற்பவர்கள் ஒருவருக்கொருவர் போட்டி. கிளையாக வீடு வீடாகப் போகும்போது சின்னத்தை மட்டும் சொல்லுங்கள். தனக்குப் பிடித்த இலக்கத்தை ஒருவர் மாலையில் தனியாகப் போய்ச் சொல்லட்டும். இன்னாருக்குப் போடாதீர்கள் என்று மட்டும் யாரும் சொல்லக்கூடாது. கேட்கிற வாக்காளர் மூன்று பேரையும் விட்டுவிட்டு வேறு சின்னத்துக்குப் போய்விடுவார்.

2024 நவம்பரில் இணுவில் பக்கம் வெங்காயம் பிடுங்கிக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் துண்டுப்பிரசுரம் கொடுத்தோம். சின்னத்தைப் பார்த்துவிட்டு, “தம்பி, நீங்கள் எந்த வீடு? முன்வீடோ, பின்வீடோ?” என்று கேட்டார். எங்களோடு வந்த இரண்டு அணிக்காரரும் ஒன்றாகச் சிரித்தது அப்போதுதான். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. இரண்டு மாதத்துக்கு முன் ஜனாதிபதித் தேர்தலில் கட்சியின் மத்திய குழு சஜித் பிரேமதாசவை ஆதரித்தது. கட்சிக்காரரான பா. அரியநேத்திரன் தமிழ்ப் பொது வேட்பாளராகச் சங்குச் சின்னத்தில் நின்று 226,343 வாக்கு எடுத்தார், சிறீதரன் அவரோடு நின்றார். நவம்பர் 14 முடிவில் யாழ். மாவட்டத்தின் ஆறு ஆசனத்தில் தேசிய மக்கள் சக்திக்கு மூன்று, தமிழரசுக்கு ஒன்று. 2020இல் ஏழில் மூன்று எங்களிடம் இருந்தது. எல்லாம் உட்பூசலால் என்று சொல்ல மாட்டேன், நாடு முழுக்க அலை அந்தப் பக்கம் அடித்தது. ஆனால் அலை அடிக்கும்போது கதவு திறந்து கிடந்தது.

விலகுவதென்றால்

சிலர் விலகத்தான் செய்வார்கள். கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: ஆளுக்காகவா, விஷயத்துக்காகவா? எங்கள் கட்சியைத் தொடங்கிய செல்வநாயகம் தமிழ்க் காங்கிரசை விட்டு வந்தது மலையகத் தமிழரின் குடியுரிமைப் பிரச்சினையில், யார் தலைவர் என்பதில் அல்ல. அதனால்தான் இருபத்து மூன்று வருடம் மேடைக்கு மேடை மோதிய பிறகும் 1972இல் காங்கிரஸ் தலைவர் ஜீ. ஜீ. பொன்னம்பலத்தோடு ஒரே கூட்டணியில் நிற்க முடிந்தது. ஆளுக்காக விலகுகிறவர் கணக்கை முடித்து, கொப்பியையும் மண்டபத் திறப்பையும் கொடுத்துவிட்டுப் போகட்டும். வழியனுப்பும்போது ஏச வேண்டாம், திரும்பி வருவார்கள்.

மற்றவர்களை ஒன்றாகப் பார்க்க நல்ல நாள் ஏப்ரல் 26, செல்வநாயகம், அதாவது தந்தை செல்வா நினைவு நாள். யாழ். நூலகத்தடியில் உள்ள நினைவிடத்துக்குப் போக இரண்டு அணியும் தனித்தனி வான் கேட்கும். ஒன்றே பிடியுங்கள், முன் ஆசனத்தில் டிரைவருக்குப் பக்கத்தில் அணி இல்லாத கிழவர் ஒருவரை ஏற்றுங்கள். வான் காசை மட்டும் ஏற முன்னரே வாங்கிவிட வேண்டும். திரும்பி வந்த பிறகு கேட்டால் இரண்டு பக்கமும் தராது.