வயர்லெஸ் ஹெட்போனில் நல்ல ஒலி கேட்க: காதிலிருந்து தொடங்குங்கள்

புது ஹெட்போன் வாங்கியதும் பலர் முதலில் தேடுவது, புளூடூத்தில் அனுப்ப ஒலியைச் சுருக்கும் முறையான கோடெக் பற்றித்தான். எல்டாக் இருக்கிறதா, ஆப்ட்எக்ஸ் இருக்கிறதா என்று. ஆனால் ஒலி கெடுவதற்குப் பெரும்பாலும் காரணம் ஹெட்போன் காதில் சரியாக உட்காராததுதான். அதைச் சரிசெய்ய ஒரு பைசா செலவில்லை. அதனால் அங்கிருந்தே தொடங்குவோம்.

படி 1: காற்றுப் புகாமல் மாட்டுங்கள்

காதைச் சுற்றி மூடும் ஹெட்போனில் பஞ்சு வளையத்துக்கும் தோலுக்கும் நடுவே சிறு இடைவெளி இருந்தாலே தாழ்ந்த ஒலி வெளியே கசிந்துவிடும். மூக்குக் கண்ணாடியின் காதுக் கம்பி, முடிக்கற்றை, பெரிய ஜிமிக்கி, எதுவாக இருந்தாலும் போதும். முடியை ஒதுக்குங்கள். தலைப்பட்டையை இரண்டு பக்கமும் ஒரே அளவுக்கு இழுத்து விடுங்கள். கண்ணாடி போடுபவர்கள் மெல்லிய காதுக் கம்பி உள்ள கண்ணாடியைப் பயன்படுத்தினால் வித்தியாசம் தெரியும்.

சரிபார்க்க, நல்ல பதிவாக ஒரு மிருதங்கத் தனி ஆவர்த்தனத்தைப் போடுங்கள். வெளிச்சத்தத்தை அடக்கும் நாய்ஸ் கேன்சலிங்கை அணைத்துவிடுங்கள். அது இயங்கும்போது சில மாடல்கள் கசிந்த தாழ்ந்த ஒலியை, அதாவது பாஸை, தாமே ஈடுகட்டி உங்களை ஏமாற்றும். இப்போது இரண்டு கிண்ணங்களையும் உள்ளங்கையால் காதோடு மெல்ல அழுத்துங்கள். மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலையின் ஒலி அப்படியே இருக்க, இடப்பக்கமான தொப்பியின் ஆழ்ந்த கும்கி ஒலி மட்டும் சட்டென்று கனத்தால், இதுவரை கசிந்துகொண்டிருந்தது என்று பொருள். பஞ்சு வளையம் உரிந்திருந்தால் மாற்றிவிடுங்கள். நம் ஊர் வியர்வைக்கு ரெக்ஸின் மேலுறை சீக்கிரம் உரியும். வாங்கும்போது உங்கள் மாடல் எண்ணைச் சொல்லி வாங்குங்கள். பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் தடிமன் மாறினால் ஒலியும் மாறிவிடும்.

இயர்பட் என்றால் பெட்டியில் தரும் மூன்று அளவு ரப்பர் முனைகளையும் போட்டுப் பாருங்கள். இடது காதுக்கும் வலது காதுக்கும் வேறு வேறு அளவு தேவைப்படுவது சாதாரணம்.

படி 2: பாட்டு வரும் இடத்தைச் சரிசெய்யுங்கள்

ஸ்பாட்டிஃபை போன்ற செயலிகளில் வைஃபைக்கு ஒன்று, மொபைல் டேட்டாவுக்கு ஒன்று, டவுன்லோடுக்கு ஒன்று எனத் தர அமைப்பு தனித்தனியாக இருக்கும். மூன்றையும் பாருங்கள். ‘ஆட்டோமேட்டிக்’ என்று விட்டால் நெட் மெதுவாகும்போது தரமும் இறங்கும். நொடிக்கு 96 கிலோபிட்டில் வரும் பாட்டை எந்தக் கோடெக்காலும் காப்பாற்ற முடியாது. ஒலியளவைச் சமன்செய்யும் அமைப்பில் ‘லவுட்’ வேண்டாம், ‘நார்மல்’ போதும்.

படி 3: கோடெக்

சிடியின் தரம் நொடிக்கு 1,411 கிலோபிட். புளூடூத்தின் அடிப்படைக் கோடெக்கான எஸ்பிசி வழக்கமாக அதிகபட்சம் 328 வரை அனுப்பும். எல்டாக் 330, 660, 990 என மூன்று நிலைகளில் இயங்கும். ஐபோனில் எஸ்பிசியும் ஏஏசியும் மட்டுமே. ஐபோன்காரர்கள் எல்டாக் உள்ள ஹெட்போனுக்கென்று கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை.

ஆண்ட்ராய்டு 8 முதல் எல்டாக்குக்கு இடம் உண்டு. போனின் புளூடூத் பட்டியலில் உங்கள் ஹெட்போனுக்கு அருகிலுள்ள பல்சக்கரத்தைத் தொட்டு, ‘எச்டி ஆடியோ’வை இயக்குங்கள். பல மாடல்களில் ஹெட்போனின் சொந்தச் செயலியிலும் ‘ஒலித் தரம் முக்கியம்’ என்ற பொருளில் ஓர் அமைப்பு இருக்கும். அதையும் மாற்ற வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு கருவிகளோடு இணையும் வசதியை இயக்கினால் சில ஹெட்போன்களில் எல்டாக் நின்றுவிடும்.

நிலையைத் தேர்ந்தெடுக்க, ‘அபவுட் போன்’ பகுதியில் ‘பில்ட் நம்பர்’ என்பதை 7 முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் எல்டாக் தரத்தை 660இல் வையுங்கள். 990 என்று பார்த்ததும் கை பரபரக்கும். ஆனால் அடுக்குமாடி வீடுகளில் அது அடிக்கடி விட்டுவிட்டுத்தான் பாடும். சில போன்கள் ஒவ்வொரு முறை இணையும்போதும் பழைய அமைப்புக்கே திரும்பிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

படி 4: ஒலி விட்டுவிட்டு வந்தால்

புளூடூத், வைஃபையின் ஒரு பகுதி, மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கமே நெருக்கியடிக்கின்றன. போனை 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மாற்றுங்கள். பின்பாக்கெட்டில் போன் வேண்டாம். உடம்பிலுள்ள நீர் அந்த அலையை விழுங்கும்.

படி 5: ஈக்வலைசர்

தாழ்ந்த, உயர்ந்த ஒலிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் இதை ஒரே இடத்தில் மட்டும் இயக்குங்கள். போனில் டால்பி, பாட்டுச் செயலியில் ஒன்று, ஹெட்போன் செயலியில் ஒன்று என மூன்றும் சேர்ந்தால் குழம்பாகிவிடும். கூட்டுவதைவிடக் குறைப்பது நல்லது. குரல் மந்தமாக இருந்தால் 250 ஹெர்ட்ஸ் பக்கம் 2 டெசிபல் குறையுங்கள். ‘ஸ’ ஒலி காதைக் குத்தினால் 6 முதல் 8 கிலோஹெர்ட்ஸ் வரை 2, 3 டெசிபல். பாஸை 4 டெசிபல் கூட்டியே ஆக வேண்டுமென்றால் ஈக்வலைசரின் மொத்த ஒலியளவான ப்ரீஆம்பை 4 குறையுங்கள், இல்லாவிட்டால் உச்ச ஒலிகள் வெட்டுப்பட்டுக் கரகரக்கும். முன்னும் பின்னும் ஒப்பிடும்போது ஒலியளவு ஒன்றாக இருக்கட்டும். சற்றே சத்தமானது எப்போதும் நன்றாக இருப்பதுபோலத்தான் தோன்றும்.

லேப்டாப்பும் டிவியும்

மீட்டிங் தொடங்கியதும் பாட்டு பழைய டெலிபோன் மாதிரி ஆகிவிட்டால் ஹெட்போன் பழுதில்லை. அதன் மைக்கை இயக்கியதும் புளூடூத் பேச்சுக்கான மோனோ முறைக்கு இறங்கிவிடுகிறது. மீட்டிங் செயலியில் மைக்காக லேப்டாப்பின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுங்கள், சரியாகிவிடும்.

டிவியில் புளூடூத் வழியாகப் படம் பார்த்தால் உதடும் ஒலியும் பெரும்பாலும் ஒட்டாது. டிவியோடு இணைக்கும் தனி பேஸ் யூனிட்டோடு வரும் ஹெட்போன்களில் இந்தத் தொல்லை குறைவு. அந்த யூனிட்டை ஆப்டிகல் கேபிளில் இணைத்த பிறகு டிவியின் டிஜிட்டல் ஆடியோ அவுட்புட்டை ‘பிசிஎம்’ என்று மாற்றுங்கள். டால்பியில் விட்டால் பல பேஸ்களில் சத்தமே வராது. மாற்றியும் வரவில்லையா? கேபிளின் இரண்டு நுனியிலும் உள்ள சின்னப் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினீர்களா என்று பாருங்கள்.